செட்டில் கோளாறு இல்லை

மாப்பிள்ளையின் வெள்ளை அம்பாசடர் கூரையில் நான் டிரில்லை இறக்கியபோது சுருள் சுருளாக இரும்புத் துருவல் வந்தது. அதை ஊதித் தள்ளி, துளையின் விளிம்பைத் தடவிப் பார்த்து, ஆகா, என்ன கச்சிதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கார் யாருடையது என்ற நினைப்பே அப்போது எனக்கு இல்லை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். திருநகரில் வீடு; பரவைப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். ஆனையூரில் இருந்த எனக்கோ ஹாம் ரேடியோ பைத்தியம். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வயர்லெஸ்ஸில் ஊர் உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. அவருக்கும் அதைத் தொற்ற வைத்து, இருவரும் சேர்ந்தே பரீட்சை எழுதிப் பாஸானோம். தொண்ணூறுகளின் கடைசி, செல்போனெல்லாம் எங்களுக்கு எட்டாத காலம். வேலை முடிந்து வரும்போது என்னோடு பேசிக்கொண்டே வரவேண்டும், காரில் ஒரு செட் மாட்டித் தாருங்கள் என்று அவர்தான் கேட்டார். அம்புட்டு ஆசை மனுஷனுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருநகரில் வேலையை ஆரம்பித்தோம். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், அதன் தலைமாட்டிலேயே பியூஸ், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் செட். எல்லாம் இருவரும் சேர்ந்தே செய்தோம். ஏரியல் மட்டும் பாக்கி. கதவுக்கு மேலே மழைத்தண்ணீர் வழிகிற விளிம்பில் கிளிப் போட்டு நிறுத்தினால் போதும் என்றார் மாப்பிள்ளை. கூரையின் நடுவில் நின்றால்தான் சிக்னல் நாலு திசைக்கும் ஒரே சீராகப் போகும் என்பது என் கட்சி. அவர் குளிக்கப் போனார். அந்தக் கால் மணி நேரத்தில் நான் துளை போட்டுவிட்டேன். அது காலமான அவருடைய அப்பா வாங்கிய கார். அதன் மேல் யாரையும் சாயக்கூட விடமாட்டாராம் அந்த மனிதர். இதுவும் எனக்குத் தெரியும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல மச்சான்."

அவ்வளவுதான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். தங்கையும் அவர் அம்மாவும் பார்க்க அப்படிக் கேட்டது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று முறுக்கிக்கொண்டு, ஏரியலை மாட்டிவிட்டு, ஸ்பேனரைப் பையில் போட்டுக் கிளம்பினேன். எனக்காகத் தங்கை கறிக்குழம்பு வைத்திருந்தாள். கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்காமல் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தேதான் வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு என் செட்டில் அவர் குரல், அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல. முறைப்படி என் லைசென்ஸ் குறி, அவர் குறி, கடைசியில், "கேக்குதா மச்சான்?" முன்பின் தெரியாதவன் கூப்பிட்டாலும் காதில் விழுந்தால் பதில் கொடுப்பதுதான் எங்கள் கூட்டத்துக்கு இருந்த ஒரே மரியாதை. நான் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வீடு தேடி வந்து சமாதானம் சொல்லட்டும் என்ற வீம்பு.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. ஒயரைச் சந்தேகப்பட்டார். பெயிண்டைச் சுரண்டி எர்த்தை மறுபடி முறுக்கியிருக்கிறேன் என்பார் ஒருநாள்; கேபிளை மாற்றிவிட்டேன், இப்போதாவது வருகிறதா என்பார் இன்னொரு நாள். பத்து நாள் இப்படி. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், பாவி.

பதினோராம் நாள், மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற இன்னொரு ஹாம்காரர் பொறுக்கமாட்டாமல் செட்டில் குறுக்கே வந்தார். "தம்பி, உங்க குரல் கணீர்னு வருது. மதுரை பூரா கேக்குது."

"சரிங்க சார்" என்றார் மாப்பிள்ளை.

அடுத்த ஞாயிறு ஆனையூருக்கு வந்தார். துணிப்பையிலிருந்து செட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"செட்டுல கோளாறு இல்ல மச்சான்."

என் மனைவி கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்ததோ, "மழைக்கு முன்னாடி அந்தத் தொளைய அடைச்சிருங்க."

"அடைச்சாச்சு" என்று எழுந்துகொண்டார்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. விசேஷங்களுக்கு முறை தவறாமல் வருவார், பந்தியில் என் பக்கத்தில்கூட உட்காருவார். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நான் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பார். "நல்லா இருக்கீங்களா மச்சான்? இருங்க, உங்க தங்கச்சிகிட்ட குடுக்குறேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இன்றுவரை நான் வாங்கியதில்லை.

நேற்று எப்படியும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அவர் போனை எடுத்ததும் முந்திக்கொண்டேன்.

"மாப்ள, அப்ப நீங்க பேசுனது அம்புட்டும் எனக்குக் கேட்டுச்சு."

அந்தப் பக்கம் தங்கையின் குரல்: "அண்ணே, என்ன கேட்டுச்சு? அவுக போன எங்கிட்ட குடுத்துட்டு வெளிய போயிட்டாக."