மேசையிலிருந்து இறங்கிப் போன நாய்

அவளுக்கு வாய்த்த வேலை நாயைப் பிடித்துக்கொள்வது. தெருவில் துரத்திப் பிடிப்பது அல்ல, அது வலைக்காரர் பாடு. அவர் வண்டியும் வலையுமாகப் போய் அள்ளிக்கொண்டு வருவார். வந்த நாயைக் கூண்டில் ஏழு நாள் வைப்பார்கள். யாராவது தேடிக்கொண்டு வந்தால் நாய்க்கு ஆயுசு கெட்டி. ஏழு நாளும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் எட்டாம் நாள் பின்கட்டு அறைக்குக் கொண்டுபோய்த் தகர மேசைமேல் ஏற்றுவார்கள். அந்த மேசையில் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதற்குத்தான் இவள். எட்டு வருடம் ஆயிற்று. சம்பளச் சீட்டில் உதவியாளர் என்று இருக்கும். தெருவில் நாய்க்காரி.

மேசையில் உயிரை முடிக்கிற ஊசி போட வேண்டியவர் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் என்று அங்கே ஒருவரும் கிடையாது. இவளை வம்புக்கு இழுக்க வலைக்காரர்தான் அப்படிக் கூப்பிடுவார். அதில் கேலி பாதி, உண்மை பாதி.

பெரிய டாக்டருக்கு நாலு வருடமாகக் கை நடுக்கம். குடியெல்லாம் இல்லை, வியாதி. கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தார். ஒரு நாள் கிழட்டுக் கறுப்பு நாய் ஒன்றை ஐந்து இடத்தில் குத்தியும் ரத்தக்குழாய் அகப்படவில்லை. அது போட்ட சத்தத்தில் முன்னறைக் குமாஸ்தா எழுந்து வெளியே போய்விட்டார். ஆறாவது குத்துக்கு முன்னால் இவள் அவர் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். இவளும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை, ஊசி கை மாறிவிட்டது. அன்றிலிருந்து கையெழுத்து அவருடையது, ஊசி இவளுடையது. வெளியே தெரிந்தால் அவருடைய உரிமம் போய்விடும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வீட்டில் மனைவி படுத்த படுக்கை. அதனால் இவளும் வலைக்காரரும் குமாஸ்தாவும் வாயைத் திறக்கவில்லை.

தனியாளாக ஊசி போட அவளே ஒரு வழி பழகி வைத்திருந்தாள். நாயின் தலையை இடது அக்குளுக்குள் செருகிக்கொள்வாள், அது எதையும் பார்க்கக் கூடாது. இடது கையால் முன்னங்காலைப் பின்னாலிருந்து பிடித்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் குழாய் புடைத்துக்கொண்டு எழும். வலது கை தானாகத் தட்டுக்குப் போகும். கண்ணால் தேடவே வேண்டாம். “அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்” என்பாள். நாயும் அவ்வளவுதான்.

கால்நடைக் கல்லூரியில் இவளைப் போன்ற வேலைக்காரர்களுக்கு என்று வருடத்துக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து வருடமாவது மிருகங்களோடு வேலை பார்த்திருக்க வேண்டும், முப்பது வயது தாண்டியிருக்கக் கூடாது. முதல் தடவை எழுத்துத் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். இரண்டாம் தடவை இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. இந்தத் தடவை தேறிவிட்டாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முப்பது முடிய மூன்று மாதம்தான் பாக்கி. அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது.

எதற்காக இந்தப் பாடு என்று யாரிடமும் சொன்னதில்லை. எட்டு வருடத்தில் அவள் கைக்கு அடியிலிருந்து எழுந்து போன நாய் ஒன்றுகூட இல்லை. ஊசி போட்ட பிறகு கண் விழிக்கிற மிருகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இதையெல்லாம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நேர்முகத்தன்று காலையில் அம்மா அவளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்க வைத்தாள். பிறகு தோளில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

“இன்னும் போகலடி.”

“போகாதும்மா. தோலோட ஒட்டிப் போச்சு.”

“எட்டு வருசமா இந்த வீட்ல நாய் வாடை. இனிமேலாவது மாட்டு வாடை வரட்டும், போ.”

அவளுடைய தம்பி பேருந்து ஓட்டுநர். அன்றைக்குத் தன் பேருந்திலேயே ஏற்றிக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் இறக்கிவிட்டான். “டாக்டரம்மா, இறங்கும்போது படி பாத்து. விழுந்தா உனக்கு வைத்தியம் பாக்க இங்க ஆள் இல்ல, எல்லாம் மாட்டு டாக்டர்” என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றுக் கடிதம் கையில் இருந்தது. எழுத்து கோணல்மாணல். அந்த நடுங்கும் கையால் பத்து வரி எழுத அவருக்கு ஒரு மத்தியானம் பிடித்திருக்கும்.

உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வழுக்கைத் தலைவர். ஒரு பக்கம் பேராசிரியை, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கியது. இன்னொரு பக்கம் விரிவுரையாளர் ஒருவர், அவர் காலடியில் பழுப்பு நிற நாய் ஒன்று படுத்திருந்தது. மாணவர்கள் தொட்டுப் பழகுவதற்காகக் கல்லூரியிலேயே வளர்கிற நாய். யார் உள்ளே வந்தாலும் வாலை ஆட்டும்.

முதலில் தலைவர் கேட்டதெல்லாம் படித்ததுதான். மாட்டின் வயிற்றில் எத்தனை அறை, வெறிநோய் எப்படிப் பரவும். பதில் தடங்கலில்லாமல் வந்தது. ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார். மிருகங்கள்மேல் பிரியம் என்று, மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தாள். தலைவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார்.

விரிவுரையாளர் நாயைத் தூக்கிப் பக்கத்தில் இருந்த சின்ன மேசைமேல் விட்டார். “இதுக்கு ரெண்டு நாளா சாப்பாடு இறங்கலைன்னு வச்சுக்குவோம். நீங்கதான் டாக்டர். முதல்ல என்ன பண்ணுவீங்க, பண்ணிக் காட்டுங்க.”

என்ன பண்ண வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஈறைப் பார்க்க வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், தொடையில் நாடி பிடிக்க வேண்டும், வயிற்றைத் தடவ வேண்டும். பேருந்தில் வரும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் எதிரில் மேசை, மேசைமேல் நாய். உடம்பு அவளைக் கேட்கவில்லை. நாயின் தலை அக்குளுக்குள் போயிற்று. இடது கட்டைவிரல் முன்னங்காலில் அழுந்தியது. வாய் “அவ்வளவுதான்டா” என்றது. வலது கை தானாக நீண்டது. அங்கே தட்டு இல்லை. தலைவரின் பேனா இருந்தது. அதை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, பின்பக்கத்தில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு நாயின் காலுக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

மூன்று பேரும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் பேனாவைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

நாய் தலையை வெளியே இழுத்தது. காது படபடக்க உடம்பை ஓர் உதறு உதறியது. பிறகு மேசையிலிருந்து தொப்பென்று குதித்து, போய்ப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுந்து போகிறதே, நடக்கிறதே என்று கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

பேராசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டினாள். “எட்டு வருசமா நீங்க நாயைப் பிடிச்சுக்கிறவங்கதான?”

“ஆமாங்க மேடம்.”

“ஊசி யாரு போடறது?”

இங்கேதான் அவள் வாழ்க்கை நின்றது. நான்தான் என்று சொல்லிவிடலாம். நாலு வருடம் ஒரே குத்தில் குழாய் பிடித்த கை இது என்றும் சொல்லலாம். பேராசிரியையின் முகத்தைப் பார்த்தால் அதைக் கேட்கத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. மேசைமேல் பெரிய டாக்டரின் கடிதம் பிரித்துக் கிடந்தது. அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்தாள்.

“டாக்டர்தாங்க.”

“அப்ப பேனாவை எதுக்கு எடுத்தீங்க?”

அவள் பேனாவை மேசைப் பக்கம் நீட்டினாள்.

தலைவர் தன் பேனாவை எட்டி வாங்கிக்கொண்டார். “இந்தப் படிப்புல உண்மை பேசறதுதாம்மா பாதி. அதைப் பேச முடியாதவங்கள வாயில்லாத ஜீவன் பக்கத்துல விட முடியாது. இன்னொரு தடவை கேக்கறேன். யாரு?”

“டாக்டர்தாங்க சார். நல்லாப் போடுவார்.”

தலைவர் குனிந்து ஏதோ எழுதினார். அதிகம் எழுதவில்லை, ஒரு சொல்தான் இருக்கும். “சரி, போகலாம்” என்றார். கதவுப் பக்கம் போகும்போது நாய் எழுந்து வந்து அவள் காலை மோந்தது. அவளிடம் இருந்த வாடை அதற்குப் பிடிபட்டதோ என்னவோ, வாலை இறக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். இரண்டு இடத்துக்கும் இரண்டு ஆண்கள். தம்பிதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். வழக்கமாக ஏதாவது கேலி பண்ணுவான், அன்றைக்கு ஒன்றும் பண்ணவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “போனா போகுது, மாட்டு வாடையும் ஒண்ணும் சந்தனம் இல்ல” என்றாள்.

மறுநாள் பின்கட்டு அறையில் பெரிய டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். “என்னைப் பத்தி ஏதும் கேட்டாங்களாம்மா?”

“கேட்டாங்க சார். நல்லா ஊசி போடுவார்னு சொன்னேன்.”

அவர் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். பிறகு, “இன்னைக்கு நான் போடறேன்” என்று தட்டிலிருந்து ஊசியை எடுத்தார். மேசையில் காது கிழிந்த பெட்டை நாய். இவள் பிடித்துக்கொண்டாள். முதல் குத்து பக்கத்தில் போயிற்று. இரண்டாவது குத்தில் நாய் வீறிட்டது. மூன்றாவதற்கு அவர் கையை உயர்த்தியபோது ஊசிமுனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இவள் அதை வாங்கிக்கொண்டாள். அவர் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

“அவ்வளவுதான்டி” என்றாள் இவள். கட்டைவிரல், குழாய், ஊசி. அக்குளுக்குள் மூச்சு ஓய்ந்தது.

கையை எடுத்த பிறகும் அவள் மேசையை விட்டு நகரவில்லை. செத்ததை எடுத்துப் போகச் சாக்கோடு வந்த வலைக்காரர் வாசலிலேயே நின்றார்.

“என்ன சின்ன டாக்டர், எந்திரிக்கும்னு பாக்கறியா?”

“பாத்தா என்ன அண்ணே.”

அவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.