எவுதோசியா மாடியில் விரித்த கொடி

ஜூலை பிறந்ததும் பிறக்காததுமாக, பெரு நாட்டுத் தலைநகர் லீமாவின் அந்தப் புறநகருக்கு மேலே ராணுவ விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. அதுவும் எவ்வளவு தாழ்வாக! மாடியில் காயும் சட்டையைப் பறித்துக்கொண்டு போய்விடும் போல. எதற்காம்? தெருவே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது.

"ஜனாதிபதி மூட்டை கட்டுறாரு போல," என்றாள் ரொட்டிக் கடைக்காரி.

"உளறாத. சுதந்திர தினத்துக்குக் கொடி ஏத்தாத வீட்டை மேலருந்து போட்டோ புடிக்கிறாங்க. நகராட்சிக்குப் போயிரும், அபராதம் வரும்," என்றார் ஃபிதென்சியோ. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது.

எவுதோசியா தன் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். கொடி அவளிடம் இருந்தது, அது பிரச்சினையில்லை. பிரச்சினை மாடியில் இருந்த அறை. பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து, கிறிஸ்துமஸுக்கு நூறு, பிறந்தநாளுக்கு ஐம்பது என்று செங்கல் வாங்கிச் சேர்த்துக் கட்டியது. சிலியில் பதினோரு வருஷம் வீட்டுவேலை பார்த்த மகள் நெலிடா இரண்டு பிள்ளைகளோடு சனிக்கிழமை வருகிறாள். அவர்கள் படுக்க வேறு இடம் ஏது? அறை கட்ட நகராட்சி அனுமதிதான் ஏது?

"கொடியப் போட்டோ புடிக்கிறவன் ரூமைப் புடிக்காமயா போவான்? இடிச்சிருவானுங்களே!" என்றாள்.

"மூடி வைங்க வெசினா," என்றார் ஃபிதென்சியோ, பக்கத்து வீட்டுக்காரியை அந்த ஊரில் கூப்பிடுகிறபடி.

மூடினாள். சிவப்பும் வெள்ளையுமாகத் துணி வாங்கி, நான்கு நாள் தையல் மிஷினில் குனிந்து, அறை முழுவதையும் போர்த்தும் அளவுக்கு ஒரு கொடி தைத்தாள். மறுநாள் வந்த விமானம் இன்னும் தாழ்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து போனது. அவளுக்கு உயிரே போய் வந்தது.

ரொட்டிக் கடைக்காரியின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். அவன் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒத்திகையாம்! மேகம் கீழே இறங்கி நிற்பதால் தாழப் பறக்கிறார்களாம்.

"நாசமாப் போக, உங்க வாயி!" என்று ஃபிதென்சியோவைத் திட்டிவிட்டு, கொடியை அவிழ்க்க அவள் படியேறும்போது கதவு தட்டப்பட்டது. நகராட்சிக்காரர், கழுத்தில் கேமரா.

"சென்யோரா, தெருமுனையிலருந்தே தெரியுது! சிறந்த கொடி அலங்காரத்துக்கு உங்க வீட்டைத்தான் எழுதப்போறேன். மேல வந்து ஒரு போட்டோ."

தடுப்பதற்குள் ஏறிவிட்டார். காற்றில் துணி எழும்பியது. சிமெண்ட் ஈரம் காயாத சுவர், புதுக் கதவு, உள்ளே மூன்று படுக்கை. அவர் எல்லாவற்றையும் பார்த்தார்.

"என் மக வரா," என்றாள் எவுதோசியா.

அவர் சுற்றிலும் இருந்த மாடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அனுமதி கேட்காத பாதிச் சுவர், வானத்தைப் பார்த்து நிற்கும் இரும்புக் கம்பிகள். பிறகு குனிந்து, எழும்பிய துணியின் முனையில் ஒரு செங்கல்லை வைத்தார்.

"அடுத்த மாடிக்குக் கம்பி விட்டிருக்கீங்கல்ல?" என்று கேட்டார்.