பாய்மரப் பந்தயம் பார்க்கப் போனது

எனக்குக் கடல் பிடிக்காமல் போனது அறுபதுகளில், மெட்ராஸில் பாய்மரப் படகுப் பந்தயத்தின் முதல் நாளன்று. துறைமுகத்தில் வேலை பார்த்த மாமா, செஞ்சியிலிருந்து வந்திருந்த என்னையும் நைனாவையும் வேடிக்கை பார்க்க ஒரு மோட்டார் படகில் ஏற்றிவிட்டார். நடுக்கடலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பொட்டுக் காற்று இல்லை. பந்தயப் படகுகள் பாய் தொங்கிப்போய் அப்படியே நின்றன. பந்தயம் தொடங்கும்வரை நாங்களும் நகரக்கூடாதாம். வெயில், டீசல் நாற்றம், குமட்டல். எங்கள் கோட்டை உச்சியில் ஆளையே தள்ளும் காற்று அங்கே யாருக்காக வீசுகிறதோ என்று எரிச்சலாக வந்தது.

நைனாவால் பொறுக்க முடியவில்லை. ஊர் பஸ்ஸில் தட்டுவதுபோலப் படகின் பக்கப் பலகையை இரண்டு தட்டு தட்டினார்.

"நிறுத்துப்பா, எறங்கிக்கிறோம்."

படகோட்டி திரும்பிப் பார்த்தார்.

"நின்னுக்கினுதான இருக்குது பெரியவரே. எறங்குங்க."