வெள்ளிக்கிழமை மூடியிருந்த மியூசியம்

என்னைப் பெண் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை என்னைவிட எங்கள் வரிசைக்காரர்கள்தான் சரியாக வைத்திருந்தார்கள். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. ஒரு வீட்டில் கேசரி கிளறினால் மற்ற பதினோரு வீட்டுக்கும் விஷயம் போய்விடும். மறுநாள் காலை குழாயடியில், "என்ன, சொல்லியனுப்பிட்டாங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ஏழு தடவை "இல்லை" சொல்லியிருந்தால் உங்களுக்கும் குடத்தைத் தூக்கி யார் தலையிலாவது போடலாம் போலத்தான் இருந்திருக்கும்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. அம்மா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் அப்பாவும்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து ஃபிட்டராகவே காலத்தை ஓட்டிய அப்பா, அடுத்த வருடம் ரிட்டையர் ஆக வேண்டும். ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் என்னை ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. எனக்கும் அதுதான் கவலை என்பதை நான் வெளியில் காட்டிக்கொண்டதில்லை.

எட்டாவது இடம் பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள்தான், அவருடைய அப்பா காலத்திலேயே வந்து அங்கே ஊன்றிவிட்டவர்கள். இந்த இடத்தைக் கொண்டுவந்த தரகர்தான் ஒரு யோசனை சொன்னார்.

"ஊட்ல வெச்சுப் பாக்கறதாலதான் நைனா பேச்சாவுது. வெளில வெச்சுக்கலாம். புட்ச்சிருந்தா சரி, இல்லன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல."

கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. எந்தக் கோயிலுக்குப் போனாலும் எங்கள் வரிசையில் நாலு பேர் பிரகாரத்தில் நிற்பார்கள் என்றேன் நான். கடைசியில் தரகரே, "செத்த காலேஜ்ல வெச்சுக்கலாம்" என்று முடித்தார். மெட்ராஸ்காரர்களுக்கு மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், மியூசியம் செத்த காலேஜ். காணும் பொங்கலுக்குத் தவிர எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

"கல்யாணப் பேச்சுக்கு நல்ல இடம்தான்" என்றேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரி" என்றார் அப்பா.

அப்பா நாள் காலண்டரைக் கிழித்துக் கிழித்துப் பார்த்து, வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமையைப் பிடித்தார். ராகுகாலம் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது, அதன் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பக்கமும் பேசி முடிவானது. நட்சத்திரம், யோகம், சூலம் எல்லாம் பார்த்தார்கள். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பஸ் பிடித்து எழும்பூர் போனோம். பூட்டிய கேட்டின் முன்னால் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வேர்த்து நின்றுகொண்டிருந்தார்கள். தரகர் உள்ளேயிருந்த வாட்ச்மேனிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கே தெரியும், வெள்ளிக்கெயமை லீவுன்னு. உனுக்குத் தெரியாதா அண்ணாத்தே?" என்றார் வாட்ச்மேன்.

"நல்ல காரியமா வந்துகிறோம்பா. ஒரு பத்து நிமிசம்."

"நல்ல காரியத்துக்கு இங்க இன்னா வேல?"

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் பெண் பார்த்தல் நடைபாதையிலேயே நடந்தது. ஒரு மரத்து நிழலில் நான் பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக நின்றேன். போகிற பஸ்ஸிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வரிசைக்குத் தெரியக் கூடாது என்று போய், ஊர்பேர் தெரியாத நூறு பேர் முன்னால் நின்றாயிற்று. தரகர் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா, சமையல் தெரியுமா, வேலையை விட்டுவிடுவாயா என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டார். மாப்பிள்ளை மட்டும் கேட் கம்பி வழியாக உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போயிருக்கீங்களா?" என்று கேட்டார். இதுவரை வந்தவர்கள் யாரும் என்னிடம் இப்படிச் சாதாரணமாக ஒன்று கேட்டதில்லை.

"ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க. திமிங்கல எலும்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

அவர் சிரித்தார். "இன்னொரு நாள் வந்து நல்லாப் பாத்துடலாம்" என்றார்.

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம் என்று அவர் அம்மா சொன்னார். ஏழு வீட்டாரும் சொன்ன அதே வார்த்தை. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. போகிற போக்கில் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். அன்று இரவு படுத்தபோது அவரோடு அந்தக் கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன். வெட்கம் கெட்ட மனசு.

அடுத்த வாரம் முழுக்கத் தகவல் இல்லை. வேலை முடிந்து வந்ததும் முதலில் அப்பா முகத்தைப் பார்ப்பேன். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, அயனம்பாக்கத்தில் சிநேகிதி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் தனியாக மியூசியத்துக்குப் போனேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவரோடு வரும்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது, எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஸ்டோர்ஸில் ஸ்டாக் எடுக்கிற மாதிரி அறை அறையாகப் போனேன். ஒவ்வொரு சிலையின் கீழும் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். மூக்கில்லாத அம்மன், தலை மட்டும் கிடைத்த ராஜா, துருப்பிடித்த வாள்கள். கண்ணாடிப் பெட்டி ஒன்றில் ஆதிமனிதர்களின் கல் ஆயுதங்கள். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆற்றங்கரைகளில் எடுத்தவை என்று எழுதியிருந்தது. 'இது உங்க ஊர்ப் பக்கம் கிடைச்சது, தெரியுமா?' என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவாக ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். பக்கத்தில் ஆளில்லை.

வெண்கலச் சிலைகள் இருந்த கூடத்துக்குள் காலை வைத்தபோது தரகரின் குரல் கேட்டது.

"நல்லாப் பாத்துக்க தம்பி. இன்னிக்குத் தொறந்துகீது, அதுவே நல்ல சகுனம்."

சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருந்த சிலையின் முன்னால் பூந்தமல்லி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அன்று நடைபாதையில் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. பக்கத்தில் அவர் அம்மா. எதிரே ஒரு பெண், அவளைப் பெற்றவர்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், நல்ல நிறம். சமையல் தெரியுமா என்று அவர் அம்மா கேட்டார். அந்தப் பெண் சிலையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

அவர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திமிங்கலத்தைப் பற்றியாக இருக்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரகர் பார்த்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் நழுவி, நான் நின்ற வாசலுக்கு வந்தார்.

"இன்னாமா, தனியாவா வந்துகிற?" அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "தப்பா நெனைக்காத. நாளைக்கு வந்து நைனா கைல பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். வயசு கொஞ்சம் ஜாஸ்தின்னு அந்தம்மா சொல்ட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"அவர் இன்னா சொல்லுவார், அம்மா சொல்றதுதான்."

"நீங்க நாளைக்கு வர வேண்டாம். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"இன்னான்னு சொல்லுவ?"

"எனக்குப் பிடிக்கலைன்னு."

"சரிம்மா. நானும் அப்டியே சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவர்களிடம் திரும்பிப் போனார். அந்த மனிதரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த ஒரு விஷயத்துக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ரயிலில் ஆவடி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வில்லிவாக்கம் தாண்டியதும் எதிரே இருந்த ஒரு அம்மா, யாராவது தவறிட்டாங்களாம்மா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "அந்த மாப்பிள்ளை எனக்குப் பிடிக்கலப்பா. வேண்டாம்னு சொல்லிருங்க."

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஒனக்கு என்ன திமிரு பிள்ள? நல்ல பய, சொந்தப் பட்டறை. ஒன் மனசுல என்னதான் நெனச்சிட்டு இருக்க?" என்றார். நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார்.

ஐந்தாம் நாள் மாலை நான் சமையலறையில் இருந்தபோது, எதிர்வீட்டுக்காரரிடம் அப்பா வாசலில் நின்று பேசுவது கேட்டது. யாருக்கும் தெரியக் கூடாது என்று மியூசியம் வரை போன விஷயத்தை அவரே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூந்தமல்லி எடம் ஒண்ணு. பட்டறை, சொந்த வீடு, எல்லாம் இருக்கு. எம் பிள்ளைக்குப் பிடிக்கல. வேண்டாம்னு சொல்லிட்டோம்."

அவர் குரலில் கோபம் இல்லை. ஏழு தடவை குனிந்த தலை நிமிர்ந்துவிட்ட குரல் அது. இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக, மூன்றாம் வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை அசையாமல் நின்றேன்.