பச்சைப் படுதா போட்ட இரண்டு ஜீப்புகள்

நனைந்த ஏலக்காய்ச் சாக்குக்கு ஒரு வாடை உண்டு. காய்ந்த காயின் மணத்தை மெச்சுகிறவர்கள் யாரும் அதை மெச்சமாட்டார்கள். பாதி மணமும் பாதி ஈரச் சணலுமாக, கல்யாண வீட்டில் யாரோ கழற்றிப்போட்ட காலுறையை அது நினைவூட்டும். அந்த வாடை மூக்கில் ஏறினால் இந்த வயதிலும் எனக்கு வயிறு இறுகிக்கொள்கிறது. வாயு என்கிறார் மருத்துவர். நான் அவரோடு வழக்காடுவதில்லை, ஆனாலும் அந்த இறுக்கத்தின் ஊற்று போடியில், ஐப்பசி மழை கொட்டிய ஒரு மாலையில் இருக்கிறது.

பஜாரில் முன்கட்டு அப்பாவின் ஏலக்காய்க் கடை, பின்கட்டு எங்கள் வீடு. அப்பா, அம்மா, சிறு வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்ட அப்பாவின் அக்காவான அத்தை, அப்புறம் நான். ஜெபத்துக்கு அத்தை ஒரு சட்டம் வைத்திருந்தாள்: முதலில் 'ஸ்தோத்திரம்', அதாவது துதியும் நன்றியும், பிறகுதான் விண்ணப்பம். கடைக்குப் போனால் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தானே சாமான் கேட்கிறோம் என்பது அவள் வாதம். அவளுடைய ஸ்தோத்திரம் எவ்வளவு நீளமென்றால், விண்ணப்பத்தின் முறை வருவதற்குள் எனக்கு வேண்டியது பரீட்சையில் பாஸா, பம்பரமா என்பதே மறந்துபோகும். அப்பா நேர் எதிர். விலையை வாயால் சொல்லாமல், துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்துப் பேரம் பேசிப் பழகியவர் அவர். கோயிலில் கண்ணை மூடி முழங்கால் போட்டிருக்கும்போதும் மடியிலிருந்த துண்டுக்குள் அவர் விரல்கள் மடங்கும், நீளும், மறுபடி மடங்கும். ஒரு கண்ணை மட்டும் மூடி ஜெபிப்பவனாக நான் இருந்ததால் இது எனக்குத் தெரியும். ஆண்டவர் எந்த விரலைப் பிடித்தார் என்பதுதான் தெரியவில்லை.

அன்று காலை, பூப்பாறையில் பிள்ளை பெற்றிருந்த சித்தியைப் பார்த்துவர அம்மா மலையேறியிருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் இரண்டு ஜீப்புகள் போகும். ஒன்றை ராசு ஓட்டினார், அம்மா போனது அதில். மற்றதை ஓட்டியவர் எங்கள் பின்தெரு மாயாண்டி. இரண்டுக்கும் ஒரே கடையில் வாங்கிய பச்சைப் படுதா.

மதியம் பிடித்த மழை விடவில்லை. ஜீப்புகள் இறங்கிவிடவேண்டிய நேரம் கடந்தபின், மலையிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் சொட்டச் சொட்டக் கடை வாசலில் நின்றார். மேலே வளைவில் ஒரு ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறதாம், பச்சைப் படுதாவாம், ஆட்கள் யாரும் கண்ணில் படவில்லையாம், தான் இறங்கிப் பார்த்திருந்தால் தனக்கும் ரோடு மிஞ்சியிருக்காதாம். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அப்பா தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார். அம்மா பூப்பின்னல் உறை தைத்துப் போட்டு, குழந்தையைப்போலப் பேணிவந்த தொலைபேசி அது. மழைக்கு வழக்கம்போல் செத்திருந்தது.

சேதி எங்களுக்கு முன்னால் பின்தெருவுக்குப் போயிருக்கவேண்டும். அந்த வட்டாரத்தில் தொலைபேசி இருந்த வீடு எங்களுடையது என்பதால் மாயாண்டியின் மனைவி பேச்சியம்மா நனைந்துகொண்டே வந்து கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. ஈரச் சாக்குகளுக்கு நடுவே முழங்கால் போட்டுச் சத்தமாகவே ஜெபித்தார்.

"ஆண்டவரே, அது எங்க வண்டியா இருக்கக்கூடாது. எங்க வண்டியா மட்டும் இருக்கக்கூடாது."

கோயிலுக்கு மணி வாங்கித் தருவதாகச் சொன்னார், ஆராதனைக்கு ஒருநாளும் தாமதிக்கமாட்டேன் என்றார். துண்டுக்குள் விரல்கள் துடித்தன. நானும் என் பங்குக்குப் பம்பரத்தை விட்டுக்கொடுத்தேன். கணக்கில் நான் பூஜ்யம்தான். ஆனாலும் போனது இரண்டு ஜீப், கவிழ்ந்தது ஒன்று, அது எங்களுடையது இல்லையென்றால் யாருடையது என்கிற கணக்கு எனக்கே விளங்கியது. மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தேன்.

"நல்லாக் கேளுங்க மொதலாளி," என்றாள் பேச்சியம்மா. குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "எங்கிட்டயும் கும்புட ஒரு ஆத்தா இருக்கா. நானும் இதத்தான் கேட்டுக்கிட்டு வாரேன்."

உள்ளேயிருந்து வந்த அத்தை பேச்சியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஏலே தம்பி, போதும் நிப்பாட்டு. இன்னைக்கு யாரும் எதையும் கேக்க வேண்டாம். கேட்டா இன்னொருத்தர் உசுரத்தான் கேப்போம்."

"போனது எம் பொண்டாட்டி, அக்கா. வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"மூடச் சொல்லல. தொறந்து ஸ்தோத்திரம் சொல்லு."

அப்பா அத்தையைப் பார்த்த பார்வையை, கலப்படக் காய் கொண்டுவந்த வியாபாரியை அவர் பார்த்தபோதுகூட நான் கண்டதில்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் தேடாதபோதே எங்களைத் தேடி வந்தவரே ஸ்தோத்திரம், எங்களிடம் ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் சிலுவையில் எங்களை மீட்டுக்கொண்டவரே ஸ்தோத்திரம், கிருபைக்கு விலை வைக்காதவரே ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே போனாள். என் அம்மாவின் பெயரை அவள் சொல்லவில்லை, மாயாண்டியின் பெயரையும் சொல்லவில்லை. நாத்தனார் என்ற முறையில் அம்மாவை அவள் ஏசாத நாளில்லை, அம்மா இல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதும் இல்லை. பேச்சியம்மாவின் கையை மட்டும் விடவேயில்லை. மழை ஓட்டில் அறைந்தது, விளக்கேற்ற யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்போது தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது. நாங்கள் நான்கு பேரும் வாசலுக்கு ஓடினோம். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்ற வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் மாயாண்டி இருந்தார்.

பேச்சியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். கணக்கு முடிந்துவிட்டது. விழுந்தது எங்கள் வண்டி. எனக்குக் காது அடைத்தது. "ஸ்தோத்திரம்" என்று பக்கத்தில் அத்தை முனகியது மட்டும் கேட்டது, அந்த நேரத்தில் அவளை நான் வெறுத்தேன்.

பிறகு பின்பக்கத்துப் படுதா விலகியது. முழங்கால்வரை சேற்றோடு அம்மா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் தோட்டத்துப் பெண்கள், கடைசியாக, கையைத் துணித்தூளியில் தொங்கவிட்டபடி ராசு. மண் சரிந்த வளைவுக்கு முன்னாலேயே ராசு எல்லாரையும் இறக்கி நடக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் தனியாக ஓட்டியிருக்கிறார். வண்டி வழுக்கியதும் குதித்துவிட்டார். பின்னால் வந்த மாயாண்டி அத்தனை பேரையும் தன் வண்டியில் திணித்துக்கொண்டு, லாரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று நின்று இறங்கியிருக்கிறார்.

அப்பா தன் ஜெபத்தில் யாரைப் பள்ளத்துக்கு அனுப்பச் சம்மதித்திருந்தாரோ, அந்த மனிதர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி அவரிடம் சொன்னார்:

"மொதலாளி, அக்காவுக்கு மொதல்ல ஒரு கட்டஞ்சாயா குடுங்க. வழியெல்லாம் நடுங்கிக்கிட்டே வந்தாக."

அப்பா பேச்சியம்மாவைப் பார்த்தார். அந்த ஜெபத்தைப் பற்றி அவள் கணவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, எனக்குத் தெரிந்து என்றைக்குமே சொல்லவில்லை. கட்டஞ்சாயாவை அப்பாவே போட்டார். வாழ்நாளில் அவர் போட்ட ஒரே தேநீர் அது. குடித்தவர்கள் பிழைத்ததும் கிருபைதான்.

அடுத்த ஞாயிறு கோயிலில் அப்பா சாட்சி சொல்ல, அதாவது ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபைமுன் சொல்ல, எழுந்தார். அவர் சாட்சி சொல்ல எழுந்தால் சபையார் காலை நீட்டிச் சாய்ந்து உட்காருவார்கள், அவ்வளவு நீளும். போதகரை நாங்கள் 'ஐயர்' என்போம். அவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இருக்கையில் வைத்தார். இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்கின.

"நான் கேட்டத ஆண்டவர் குடுக்கல," என்றார். "அதுக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டார். மிச்சம் வரும் என்று ஐயர் வெகுநேரம் காத்திருந்தார். அத்தை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

அப்பாவும் அத்தையும் இப்போது ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கடை இருந்த இடத்தில் செல்பேசி விற்கிறார்கள். மலைப்பாதை அகலமாகிவிட்டது. கிளம்பினேன், வளைவு தாண்டினேன், வந்துவிட்டேன் என்று ஆளுக்கு ஆள் சேதி அனுப்பிக்கொண்டே இறங்குகிறார்கள். மலைக்குப் போனவர்களுக்காக ஒரு வீடு முழுக்க ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஏறக்குறைய ஒழிந்தேபோயிற்று.

ஏறக்குறையத்தான். போன மழைக்காலத்தில் மூணாறிலிருந்து என் மகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதையில் ஒரு கார் உருண்டுவிட்டதாகச் செய்தி ஓடியது. அவளை அழைத்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மரியாதையாகத் திரும்பத் திரும்பச் சொன்னது. குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டுக்குள் என் கை இருந்தது. அதை வெளியே எடுத்து, விரித்து, நாற்காலியின் கைமேல் வைத்துவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மகள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். நான் ஸ்தோத்திரம் சொன்னது அவள் வருவதற்கு முன்னால்தான், சத்தியம். அதற்கும் முன்னால் துண்டுக்குள் என் விரல்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று மட்டும் கேட்காதீர்கள்.