செமிட்ரி இல்லை, செமிட்டிக்

"செமிட்ரி விஷயத்த அடுத்த மாச மீட்டிங்ல பேசிக்கலாம்மா" என்றார் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியச் செக்ரட்டரி. "காம்பவுண்டு சுவரு இடிஞ்சு கெடக்குது, ஆடு உள்ள பூந்து மேயுது, எல்லாம் எனக்குத் தெரியும்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். கல்லறைத் தோட்டத்தைப் பற்றி யார் பேசினார்கள்? ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தினம் போகும் பெங்களூர் ரயிலை விட்டுவிட்டு, எங்கள் பழைய தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியிலிருக்கும் அந்தம்மா வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தது ஆட்டுக்காகவா?

என் அக்காவுக்காக. அக்கா பல வருஷம் குவைத்தில் இருந்தாள். லெபனான்காரர்கள் வீட்டில், படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மாளும் எங்களைப் போலக் கிறிஸ்தவள்தான், கழுத்தில் சிலுவை போட்டவள். ஆனால் பேச்சு, ஜெபம் எல்லாம் அரபி. கடவுளைக் கூப்பிடுவதும் அல்லா என்றுதான். அவர்கள் பாஷையில் கடவுளுக்கு அதுதான் சொல். அக்காவுக்கும் அந்த அரபி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

ஊர் திரும்பிய பிறகு, பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லாரும் "ஷாலோம், ஷாலோம்" என்று கை குலுக்க, இவள் வாய் தவறி "ஸலாம்" என்றாள். ஜெபத்தை முடிக்கும்போது கடவுளுக்கு ஸ்தோத்திரம் என்பதை அரபியில் "ஹம்துலில்லா" என்றும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒருமுறை பெண்களே ஆராதனை நடத்தும் பெண்கள் ஞாயிறன்று ஆரம்ப ஜெபம் அவள் செய்வதாக இருந்ததை எடுத்துவிட்டார்கள். குவைத்துக்குப் போகுமுன் அந்த ஜெபம் அவளுடையது. அங்கிருந்து போன் செய்தால் என் சௌக்கியத்தைக் கேட்குமுன் "இந்த வாட்டி ஆரம்ப ஜெபம் யாருடி?" என்றுதான் கேட்பாள். அதற்கென்றே காத்திருந்தவள். விஷயம் தெரிந்த அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செமிட்ரி இல்ல ஆன்ட்டி, செமிட்டிக்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அது ஒரு மொழிக் குடும்பம். வேதத்துல வர்ற சேம் இருக்காரே, அவர் பேர வச்சு ஐரோப்பாக்காரங்க உண்டாக்கின சொல்லு. நீங்க சொல்ற ஷாலோம் எபிரேயம். அக்கா சொன்ன ஸலாம் அரபி. ரெண்டும் அதே குடும்பம். ரெண்டுக்கும் சமாதானம்னுதான் அர்த்தம்."

"அதெப்படிம்மா ஒண்ணாகும்? அது ஆண்டவர் பாஷை. இது பாய் வீட்டு பாஷை."

"காலைல பால்காரன்கிட்ட இன்னான்னு கேக்கறீங்க? ஹாலுன்னுதானே? நம்ம பாலு கன்னடத்துல ஹாலு ஆவலியா? பாத்திரத்துல ஊத்தினா எல்லாம் பால்தானே ஆன்ட்டி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் செல்போனை விட்டுத் தலை நிமிர்ந்தான் அவருடைய மகன். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன். யூடியூப் பார்த்து உலகத்தையே கரைத்துக் குடித்தவன்.

"செமிட்டிக்னா யூதருங்க மட்டும்தான்க்கா. ஆன்ட்டி-செமிட்டிக்னு நியூஸ்ல சொல்றாங்களே. யூதருக்கு எதிரின்னுதானே அர்த்தம்?"

"ஆன்ட்டி இன்னாடா பண்ணா?" என்றார் அவன் அம்மா.

"அந்தச் சொல்லுக்கு மட்டும் அப்படி அர்த்தம்" என்றேன். "யூதரை வெறுக்கிறதத்தான் அப்படிச் சொல்வாங்க. பழக்கத்துல அது அவங்களுக்குன்னே நின்னுபோச்சு. அதுல சண்டையே இல்ல. ஆனா செமிட்டிக்னு தனியா சொன்னா மொழிங்க. எபிரேயம், அரபி, இயேசு பேசின அரமேயம், எத்தியோப்பியாக்காரங்க பேசறது, எல்லாம் அதுல வரும்."

"யூதருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க பாருங்க!" என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் செல்போனுக்குள் போய்விட்டான்.

இவனிடம் இன்னா பேசுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம், சுவராவது கேட்டுக்கொண்டிருக்கும். சரியைச் சரி என்று ஒத்துக்கொண்டதற்கு நான் தோற்றுப் போனேன்!

கடைசியில் செக்ரட்டரி மனம் இரங்கினார், என் பேச்சுக்காக அல்ல, நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததற்காக. "சரி, பண்ணட்டும். ஆனா தமிழ்ல மட்டும். ஒரு வார்த்த அந்த பாஷை வரக் கூடாது." வீட்டுக்கு வந்து சொன்னால் அக்கா துள்ளிக் குதித்தாள். "இதுக்கா சந்தோஷப்படறே? உன் வாய்க்குப் பூட்டு போடறாங்கக்கா" என்று கத்தினேன். "போட்டா போட்டுட்டுப் போறாங்க, போடி" என்று நல்ல புடவையைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

பெண்கள் ஞாயிறும் வந்தது. அக்கா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். சபைக்காக, ஊருக்காக, வேலை தேடிப் போன பிள்ளைகளுக்காக, கோர்வையாக, தமிழில். நோயாளிகளிடம் வந்தபோது குரல் தழுதழுத்தது. அவள் கையைப் பிடித்தபடியே செத்துப்போன அந்த லெபனான் அம்மாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "யா ரப்" என்றாள். "யா ரப், இர்ஹம்." ஆண்டவரே, இரங்கும். அந்த அம்மாள் வலியில் சொல்லிக்கொண்டே இருந்ததாக அக்கா எனக்குச் சொன்ன அதே வார்த்தை. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். அக்கா எப்படியோ தமிழுக்குத் திரும்பி ஆமென் சொன்னாள்.

ஆராதனை முடிந்ததும் செக்ரட்டரி நேராக எங்களை நோக்கி வந்தார். நான் சண்டைக்குத் தயாராகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"ரபீ, ரபீன்னு சீஷருங்க ஆண்டவரக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டீங்களே! எபிரேயத்துல! எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. எங்க கத்துக்கினீங்க? அடுத்த வருஷமும் நீங்கதான்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா செருப்புக்காலால் என் காலை மிதித்தாள், நன்றாகவே வலித்தது. "ஷாலோம்" என்றார் செக்ரட்டரி. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்திக்கொண்டே வந்தேன். அந்த 'யா ரப்' அரபி என்று தெரிந்தால் அதே கையால் வெளியே தள்ளியிருப்பார்கள். எபிரேயம் என்று நினைத்ததால் கண்ணீர்! ஒரே குடும்பம் என்று தொண்டை கிழியச் சொன்னேனே, அப்போது ஏறவில்லையே! "சொல்லிடாதடி" என்று மட்டும் சொன்னாள் அக்கா. "அடுத்த வருஷமும் நான்தான்னாங்க இல்ல?"

மாலையில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பாட்டாக்கும் என்று எட்டிப் பார்த்தேன்.

"ஷா... ஷாலோம். ஷாலோம்."

"இன்னாக்கா இது? வீட்லயாவது ஸலாம்னு சொல்லேன். யார் கேக்கறாங்க?"

"வேணான்டி" என்றாள், கையிலிருந்த தட்டைப் பார்த்தபடியே. "பழகிக்கணும். வாய் தவறிடும்."