மூன்று பெயரில் ஒரு குரல்

இரண்டாயிரமாம் ஆண்டு. வவுனியா கடைவீதியில், இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் கொழும்புக் கம்பெனி ஒன்றுக்கு முகவராக இருந்த சிறிய அலுவலகத்தில் ஃபோன் எடுப்பதுதான் சிவலட்சுமியின் வேலை. ஊரில் கம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சப்பேர். "மொடம் கத்துது, பிறகு ஒண்டும் வரேல்லை" என்று அவர்கள் அழைப்பார்கள். எந்த விண்டோஸ் என்று கேட்டு, கொழும்பிலிருந்து வந்த அதற்குரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எதை அழுத்துவது, திரையில் வரும் எந்தப் பெட்டியில் என்ன அடிப்பது என்று அவள் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பாள்.

யாரையும் லேசில் நம்பமாட்டாள். பெற்றோர் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்தபோது அவள் கைக்குழந்தை. அடையாள அட்டையில் பிறந்த இடம் ஹட்டன் என்று இருக்கும். சோதனைச் சென்ரியில் நிற்கும் ஆமிக்காரன் அட்டையைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், திரும்பவும் அட்டையைப் பார்ப்பான். கேள்வி வருமுன் பதிலைத் தயார் பண்ணிப் பழகியவளுக்கு, மற்றவர்கள் பதிலில் ஓட்டை தேடுகிற குணமும் வந்துவிட்டது.

அப்படித்தான் அந்தக் குரலைப் பிடித்தாள். முதலில் அரிசி வியாபாரி கனகலிங்கம் என்று சொல்லி ஓர் ஆண் அழைத்தார். விண்டோஸ் 98. அவள் சொல்லச் சொல்ல "விளங்குது, விளங்குது" என்றார். அடுத்த கிழமை அப்புத்துரை என்று ஒருவர். விண்டோஸ் 95. அதே கரகரப்பு, அதே "விளங்குது, விளங்குது". ஃபோனை வைத்த பிறகும் அவளுடைய கை அதிலேயே இருந்தது.

மூன்றாம் முறை அதே குரல், தையல் பயிற்சி நிலையம் நடத்தும் தங்கம்மாவின் தம்பி என்றது.

"கீழ இடப்பக்கம் ஸ்டார்ட் எண்டு இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லைத் தங்கச்சி. மேல ஒரு கடிச்ச அப்பிள் படம்தான் கிடக்கு."

அது விண்டோஸ் இல்லை, மக்கின்டோஷ் கம்பியூட்டர். அவளிடம் தாள் இல்லை. கொழும்பில் கேட்டுச் சொல்வதாகக் கூறி ஃபோனை வைத்துவிட்டு, நேரே முதலாளி பரமேஸ்வரனிடம் போனாள்.

"அண்ணை, ஒரே ஆள் மூண்டு பேரில கதைக்கிறார். ஊரில ஆரிட்ட என்ன மிசின் இருக்கெண்டு பாக்கிறாரோ தெரியாது."

பரமேஸ்வரனின் முகம் வெளிறியது. "ஆமியோ இயக்கமோ, எந்தப் பக்கத்து ஆளெண்டாலும் எங்களுக்குத்தான் கரைச்சல். எனக்குத் தெரிஞ்ச பொலிஸ்காரர் ஒருத்தர் இருக்கிறார். சொல்லி வைக்கட்டோ?"

பொலிஸுக்குப் பெயர் போனால் ஆளே காணாமல் போகிற காலம் அது.

"வேண்டாம் அண்ணை. நான் முதல்ல போய்ப் பாத்திட்டு வாறன்."

கொழும்பு அனுப்பிய மக்கின்டோஷ் விளக்கம் ஃபக்ஸில் பாதி அழிந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் குருமன்காட்டில் இருந்த தங்கம்மாவின் தையல் நிலையத்துக்குப் போனாள். தையல் மெசின்களுக்கு நடுவே ஒரு மேசையில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்த கம்பியூட்டர் இருந்தது. அதன் முன்னால் ஒல்லியான மனிதர் ஒருவர். அவளைக் கண்டதும் எழுந்து கதவுப் பக்கம் பார்த்தார்.

"இன்டர்நெட் கந்தோரில இருந்து வாறன். கனகலிங்கம் ஐயா நீங்களோ, அப்புத்துரை ஐயா நீங்களோ, தங்கம்மா அக்காவின்ர தம்பி நீங்களோ?"

உள்ளேயிருந்து வந்த தங்கம்மா, "இவர் யோகநாதன், பிள்ளை. என்ர தம்பியில்லை. கம்பியூட்டர் பூட்டித்தாற ஆள்" என்றார்.

யோகநாதன் பரந்தனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். சண்டையில் கடை போக, இடம்பெயர்ந்து வவுனியாவுக்கு வந்தார். ஊரில் தங்குவதற்கான அனுமதிப் பாஸை மாதத்துக்கு மாதம் புதுப்பிக்க வேண்டும். இங்கே கம்பியூட்டர் வாங்குபவர்களுக்கு அதைப் பொருத்திப் பூட்டி, இன்டர்நெட் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். எடுக்கும் விதத்தை, வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லி அவளிடமே ஃபோனில் கேட்டுப் படித்திருக்கிறார்.

"உங்கட பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"பாஸில இருக்கிற ஒருத்தன் வீடு வீடாப் போய்க் கம்பியூட்டர் பூட்டுறான் எண்டால் என்ன நினைப்பினம்? நீங்களும் விடுறியளில்லை. ஆர் கதைக்கிறது, எங்கயிருந்து, என்ன மிசின்... இது இன்டர்நெட் கந்தோரோ விசாரணைக் கந்தோரோ எண்டு எனக்கு ஒரே ஐமிச்சம்."

அப்போதும் அவள் முழுதாக நம்பவில்லை. பாஸைக் கேட்டாள். அவர் கொடுத்தார். வாங்கிப் பார்த்து, முகத்தைப் பார்த்து, திரும்பவும் பாஸைப் பார்த்தபோதுதான் தான் செய்வது என்னவென்று அவளுக்கு உறைத்தது. வெட்கத்துடன் திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு இருவருமாக ஃபக்ஸ் தாளில் தெரியாத எழுத்துகளை ஊகித்து, பிழையான பெட்டிகளைத் திறந்து மூடி மினக்கெட்டார்கள். பின்னேரம் மொடம் கத்தி அடங்கி, இணைப்பு வந்தது. தைத்துக்கொண்டிருந்த பெட்டைகள் எழும்பி வந்து பார்த்தார்கள்.

"ஆள் ஆரெண்டு பாத்தியோ?" என்று பரமேஸ்வரன் கேட்டபோது, "தங்கம்மா அக்காவின்ர ஆள்தான். பயமில்லை" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருசம் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவன் நன்றாகத் தமிழ் பேசினான். ஊருக்குள் போய்ப் போய்க் கம்பியூட்டர் பூட்டுவது யார் என்று கேட்டான். பரமேஸ்வரன் சிவலட்சுமியைப் பார்த்தார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை சேர்" என்றாள். "நாங்கள் ஃபோனில சொல்லுவம். அவையளே செய்வினம்."

"தையல் நிலையத்து மக்கின்டோஷும்?"

"அதுக்கும் தாள் இருக்கு சேர்." அழிந்த ஃபக்ஸை எடுத்து நீட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளுடைய அடையாள அட்டையை வாங்கி, பார்த்து, கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று பின்னேரம் ஃபோன் அடித்தபோது, அவள் சொன்னது பொய் என்று விளங்கியிருந்த பரமேஸ்வரன் முந்திக்கொண்டு எடுத்தார். அதன்பிறகு அவள் யாருடன் கதைத்தாலும், பக்கத்து மேசையில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். யோகநாதனுக்கோ ஒன்றும் நடக்கவில்லை. பாஸைப் புதுப்பித்துக்கொண்டு, புதுப்புதுப் பெயர்களில் அழைத்துக்கொண்டே இருந்தார். அவளும் பெயரைக் கேட்பதில்லை. "என்ன விண்டோஸ்?" என்பதோடு சரி.